கடல்பனியின் டிஜிட்டல் இரட்டை: தடிமன்தான் தலைவலி

டிஜிட்டல் இரட்டை, அதாவது நிஜக் கடல்பனியைக் கணினிக்குள் பிரதிபலிக்கும் மாதிரி, என்றதும் பலரும் அழகான முப்பரிமாணப் படத்தை நினைத்துக்கொள்கிறார்கள். படம் இரண்டாம்பட்சம்தான். புது அளவீடு வர வர மாதிரியின் நிலையைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் முக்கியம்.

பனியின் பரப்பை அறிவது சுலபம், அதை நுண்ணலைச் செயற்கைக்கோள்கள் இருட்டிலும் மேகத்திலும் தினமும் தருகின்றன. தடிமன்தான் பாடாய்ப் படுத்தும். கிரையோசாட்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் அளப்பது நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பகுதியை மட்டுமே, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அங்கே 3 செ.மீ. பிசகினால் மொத்தத் தடிமனில் சுமார் 30 செ.மீ. பிசகும். மேலே படிந்த வெண்பனி பனித்தட்டை அழுத்தும், ரேடார் அலையையும் தாமதப்படுத்தும்; அதன் ஆழம் தப்பானால் கணக்கு இன்னும் கெடும்.

கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரை நுண்ணலைக் கருவி திறந்த கடலாகவே எடுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் அளவீட்டின் பிழை வரம்பை அகலமாக வையுங்கள். இல்லையென்றால் மாதிரி, நடக்காத உருகலைத் துரத்திக்கொண்டு போகும்.

முடிவெடுப்பவர்களுக்கு மாதிரியை ஒரே ஒரு முறை ஓட்டிக் கிடைத்த கணிப்பைக் கொடுக்கவே கூடாது. தொடக்கத் தடிமனையும் காற்றையும் சற்றே மாற்றி 30, 50 முறை ஓட்டி, வாய்ப்பைச் சதவீதமாகக் கொடுங்கள்.

கரையை ஒட்டிய பனி, மாதிரி கடலைப் பிரித்துப் பார்க்கும் 10 கி.மீ. கட்டத்தில் சரியாகப் பிடிபடாது. வேட்டைக்குப் போகிறவர்கள் நடப்பதோ அதன்மேல்தான். கனடாவின் நுனாவுட்டில் ஸ்மார்ட்ஐஸ் அமைப்பு அங்குள்ள பழங்குடியினரான இனூயிட் மக்களோடு சேர்ந்து, சறுக்குவண்டியில் இழுத்துப்போகும் கருவியால் தடிமன் அளக்கிறது. இரட்டையைச் சரிபார்க்க இப்படிப்பட்ட அளவுகள்தான் வேண்டும்.