பிசியோதெரபி கேட்கப் போகும் முன் எமிஸ் மாணவர் பதிவைப் பாருங்கள்

என் மகனுக்கு சிபி, அதாவது பெருமூளை வாதம். அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அலைந்த கதை இதைப் படிக்கும் எல்லா வீட்டிலும் இருக்கும், அதை விட்டுவிடுகிறேன். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் எங்கள் வட்டார வள மையத்தில் பிசியோதெரபி இலவசம். மருத்துவ முகாமும் நடக்கும். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று அரசு டாக்டர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள். கை காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டுக்கு அளவெடுப்பதும் அங்கேதான். இந்த வருடம் அந்த முகாம் முடிந்த பிறகு, பள்ளி வாசலில் இன்னொரு அம்மா "முகாமுக்கு நீங்க ஏன் வரலை?" என்று கேட்டுத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

மையத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பையன் பேரே லிஸ்ட்ல இல்லையேம்மா" என்றார். பையன் என் இடுப்பில் இருக்கிறான், ஆனால் லிஸ்ட்டில் இல்லை! எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவில், அவனுக்கு நேரே மாற்றுத்திறன் விவரம் காலியாக இருந்ததாம். சேர்க்கையின்போதே சான்றிதழ் நகல் கொடுத்திருந்தேன். பள்ளியில் கேட்டால் "அதை மையத்துலதான் ஏத்தணும்" என்கிறார்கள். மையத்தில் "எச்எம் லாகின்ல பண்ணணும்" என்கிறார்கள். இடையில் பந்து மாதிரி நான். கடைசியில் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து கேட்டேன். அன்று மாலையே விவரம் ஏறிவிட்டது. வாயால் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

அதற்கு அப்புறமும் ஒரு சிக்கல். ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால், யுடிஐடியில் பின்னால். இதற்காகப் பெயரை லிஸ்ட்டில் சேர்க்காமல் ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். புதிதாக விண்ணப்பிப்பவர்கள் ஆதார், பிறப்புச் சான்று, யுடிஐடி மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகச் சான்று என்றால் முடிவு தேதியையும் பாருங்கள்.

பிசியோதெரபிஸ்ட் கிடைத்த பிறகு குறை ஒன்றும் இல்லை. பொறுமையானவர். அவரும், இந்தப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரும் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்கள், பல பள்ளிகளுக்கு ஒருவர்தான். வர முடியாத நாளில் அவர்கள்மேல் எரிந்து விழாதீர்கள். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பயிற்சிகளை எனக்கும் சொல்லிக் கொடுத்தார். வாரத்தில் ஒரு நாள் செய்தால் போதாது, தினமும் வீட்டில் செய்ய வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. வகுப்பாசிரியரிடமும் இரண்டு விஷயம் சொல்லச் சொன்னார். கால்களை இருபக்கமும் பின்னால் மடக்கி உட்கார விடக் கூடாது, இடுப்புக்குக் கெடுதல். பெஞ்சில் உட்காரும்போது பாதம் தொங்கக் கூடாது. தச்சரிடம் சொல்லி ஒரு மரப்பலகை போட்டோம். பாதம் அதில் ஊன்றியதும் எழுத்து நேராகிவிட்டது. டீச்சருக்கே ஆச்சரியம்.

அடுத்தது மாடிப்படி. இரண்டாம் வகுப்பு முதல் மாடியில். "உதவிக்கு யாராவது தூக்கிட்டுப் போகட்டும்" என்றார் தலைமையாசிரியர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவை அச்செடுத்துப் போனேன். அரசு நிதி பெறும், அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களின் கட்டடமும் வளாகமும் இந்தப் பிள்ளைகள் அணுகும்படி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சண்டை போடவில்லை, காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். வகுப்பு தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் கேசரி.

பயணப்படி பற்றி யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். முகாம் தேதியையும் அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது பழைய ஸ்பிளிண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பிள்ளை வளர வளர அது இறுகி எங்கே தோல் சிவக்கிறது என்று காட்டினால்தான் புது அளவு சரியாக வரும்.