அந்த ஒரு சொல்

2002-ல் கவிஞர் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சல் இன்றும் வியப்பாக இருக்கிறது. திட்டியவர்களில் எத்தனை பேர் அட்டையைத் தாண்டி உள்ளே போனார்கள்? அவர் சித்த மருத்துவம் படித்தவர். உடலை உடலாகவே பார்க்கிறார். கிளுகிளுப்பைத் தேடிப் போனவர்கள் ஏமாந்திருப்பார்கள், பாவம்.

சரி, சொல்லாவது புதிதா? ‘என் தடமுலைகள்’ என்று நாச்சியார் திருமொழியில் ஆண்டாளே பாடியிருக்கிறாள். அதற்குக் கைகூப்புகிறோம். சினிமாப் பாட்டில் ஆண் எழுதினால் தாளம் போடுகிறோம். பக்தியின் மறைவு இல்லாமல் ஒரு பெண் தன் உடம்பைத் தானே எழுதியதும்தான் பண்பாடு பதறியது. அப்புறம் மாலதி மைத்ரி, சல்மா, சுகிர்தராணி எனப் பெண் கவிஞர்கள் எல்லோருக்கும் சேர்த்தே வசை.

நேற்று அந்தத் தொகுப்பை மறுபடி படித்தேன். பேருந்தில் அட்டையை உள்பக்கமாக மடித்து வைத்துக்கொண்டுதான் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.