வைரல் லோடு ஓகே, மறதி மட்டும் ஏன்?

எச்ஐவிக்கு மருந்து குடுக்குற எங்க ஏஆர்டி சென்டர் பெஞ்ச்ல இப்பல்லாம் சிடி4, அதான் நோய் எதிர்ப்பு செல்லோட கணக்கு, அதைப் பத்தி யாருமே பேசுறதில்ல, பேச்செல்லாம் சுகர், பிரஷர், முட்டி வலி, அப்புறம் இந்த மறதி. "கேஸ் ஆஃப் பண்ணேனான்னு மறுபடி போய் பாக்குறேன்க்கா"ன்னு ஒரு தங்கச்சி சொல்ல, பக்கத்துல இருந்தவர் சட்டுனு "மூளைக்கு ஏறிடுச்சு போல"ன்னுட்டார். அந்த பொண்ணு முகமே செத்துப் போச்சு. எனக்கு வந்த கோவத்துல எழுதுறதுதான் இது.

அவர் சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு. தொற்று வந்த சில வாரத்துக்குள்ளயே வைரஸ் மூளைக்குப் போயிடுதாம். ஆனா நியூரானுக்குள்ள புகுறதில்ல, மைக்ரோகிளியான்னு மூளையோட காவக்கார செல்லுங்க இருக்கே அதுலதான் போய் உக்காந்துக்குது, அதுங்க கிளப்பிவிடுற இன்ஃபிளமேஷன் (அழற்சி), வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்குற வைரஸ் அளவு, அடங்கின பிறகும் லேசா ஓடிட்டே இருக்கும். மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சிடி4 எவ்ளோ கீழ விழுந்துச்சுங்கறதும் முக்கியம். நம்ம நாட்டுல இலவச கூட்டு மருந்து 2004 ஏப்ரல்லதான் வந்துச்சு, தாம்பரம் சானடோரியமும் அந்த முதல் லிஸ்ட்ல உண்டு, அப்போ பெரும்பாலும் சிடி4 200க்கு கீழ போனாதான் மாத்திரை. பாசிட்டிவ்னு தெரிஞ்ச உடனே எல்லாருக்கும் மருந்துங்கறது 2017லதான். அதனால எங்க செட்டுக்கு கொஞ்சம் பாதிப்பு மிச்சம் இருக்கலாம், இப்ப வர்ற பசங்களுக்கு அவ்வளவு இருக்காது.

ஆனா வாட்ஸ்அப்ல சுத்துதே, பாதி பேருக்கு மூளை பாதிப்புன்னு, அதைத்தான் என்னால தாங்க முடியல. 2010ல அமெரிக்கால 1,500 பேருக்கு மேல வச்சு பண்ண சார்ட்டர் ஆய்வுல வந்த கணக்கு அது. அந்த 52%ல பெரும்பகுதி தினசரி வாழ்க்கையில எந்த தொந்தரவும் இல்லாம டெஸ்ட்ல மட்டும் மார்க் குறைஞ்சவங்க, டிமென்ஷியா அளவுக்குப் போனது 2% தான். அந்த அளவுகோலை வச்சா தொற்றே இல்லாத ஆளுங்கள்லயும் சுமார் 20% பேர் ஃபெயில் ஆவாங்கன்னு அப்பவே ஆட்சேபம் வந்துச்சு, 2023ல நிபுணர் குழு ஒண்ணு மார்க்கை மட்டும் வச்சு முத்திரை குத்தாதீங்கன்னே எழுதிட்டாங்க. எட்டாங்கிளாஸோட நின்னவங்களுக்கு பேப்பர் பென்சில் டெஸ்ட் குடுத்தா மார்க் குறையத்தானே செய்யும்?

அதனால மறதின்னா முதல்ல வேற என்னன்னு பாக்கச் சொல்லுங்க. பி12, தைராய்டு, பிரஷர், சுகர், தூக்கம், குடி. எல்லாத்துக்கும் மேல மனச்சோர்வு, வருஷக்கணக்கா ரகசியத்தை சுமந்துட்டு இருக்கறவங்களுக்கு அது இல்லாம இருந்தாதான் ஆச்சரியம். பழைய எச்ஐவி மாத்திரை எஃபாவிரென்ஸ் ஞாபகம் இருக்கா, ராத்திரி போட்டா கன்னாபின்னான்னு கனவு, காலைல தலை கிறுகிறுன்னு? அதுக்கு பதிலா டோலுடெக்ராவிர்ங்கற மாத்திரைக்கு மாத்தின பிறகு எனக்கு தலை தெளிஞ்சுது. சிலருக்கு இதுவும் தூக்கத்தைக் கெடுக்கும், அவங்க டாக்டர்ட்ட கேட்டு காலைக்கு மாத்திக்கலாம். ஆனா திடீர்னு குழப்பம், காய்ச்சலோட தலைவலி, ஃபிட்ஸ், ஒரு பக்கம் கை கால் வராம போறது, இதெல்லாம் மறதி கணக்குல சேராது, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

இன்னொரு சிக்கல், நியூரோ டாக்டர் "வீட்லேர்ந்து ஒருத்தரை கூட்டிட்டு வாங்க, அவங்கள்ட்ட விசாரிக்கணும்"னுவார். வீட்லயே சொல்லாதவங்க யாரைக் கூட்டிட்டுப் போறது? நான் எங்க பாசிட்டிவ் நெட்வொர்க், அதான் எச்ஐவி உள்ளவங்க சங்கம், அங்க இருக்குற அக்காவைத்தான் கூட்டிட்டுப் போனேன், என்னை அவ்ளோ வருஷமா பாக்குறவங்க, அதுவே போதுமானதா இருந்துச்சு. நம்ம சம்மதம் இல்லாம எச்ஐவி இருக்குன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 எச்ஐவி சட்டமே இருக்கு, அந்த தைரியத்துல அந்த டாக்டர்ட்ட மட்டும் மாத்திரை பேரை மறைக்காதீங்க ப்ளீஸ். கார்பமசெபின், ஃபெனிடோயின் மாதிரி ஃபிட்ஸ் மருந்தெல்லாம் டோலுடெக்ராவிர் அளவை ரத்தத்துல குறைச்சுடும், தெரியாம எழுதிக் குடுத்தா அடங்கிக் கிடக்குற வைரஸ் திரும்ப எழும்பிடும்.