ஒன்றும் ஆகாது ஐயா

"ஆயிலை மாற்றினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாதே தம்பி?" என்று என் பட்டறைக்கு வந்த ஐயா, கியர் பெட்டி ஆயிலைப் பற்றிக் கேட்டார். "ஒன்றும் ஆகாது ஐயா" என்றேன். எட்டு மாதமாகிறது. ராத்திரி படுத்தால் இந்த இரண்டு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

அவருக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து கிளட்சை மிதிக்க முடியாது. ஏற்காட்டில் வீடு. அந்த 2004 மாடல் ஆட்டோமேட்டிக் கார் இல்லையென்றால் அவரும் அவர் வீட்டு அம்மாவும் பஸ்ஸுக்குத்தான் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

அவர் சொன்ன குறை தெளிவாகவே இருந்தது. சேலத்துக்குள் ஓட்டும்போது வண்டி ஒழுங்காகப் போகிறது. அடிவாரம் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும் எஞ்சின் உறுமுகிறது, இழுவை இல்லை. அரை மணி நேரம் ஓரம் கட்டி நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறது.

நானே மலைக்கு ஓட்டிப் பார்த்தேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் இந்த நான்கு கியர் பெட்டி படும் பாடு கொஞ்சமல்ல. வளைவுக்கு முன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மேல் கியருக்குப் போகும், திரும்பி மிதித்தால் கீழே இறங்கும். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் ஒரு கிளட்ச் விட்டு இன்னொன்று ஆயில் அழுத்தத்தில் பிடிக்க வேண்டும். எதிரே பஸ் வந்து ஏற்றத்தில் நின்று கிளம்பினால் இன்னும் மோசம். சக்கரம் சுற்றாதபோது எஞ்சின் தருகிற விசையெல்லாம் எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைக் கலக்கிக் கலக்கிச் சூடாகத்தான் போகிறது. ஒன்பதாவது வளைவில் கிளட்ச் வழுக்கி, எஞ்சின் வேகம் காட்டும் ஆர்பிஎம் முள் துள்ளியது. கியர் கம்பியை 'டி'யிலிருந்து '2'க்கு இறக்கினேன், கொஞ்சம் அடங்கியது. மேலே போய் ஆயில் கேஜை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது காப்பி டிகாஷன் போல இருந்தது. கூட வந்த பையன் முகர்ந்து பார்த்துவிட்டு, "கருகிய வாடை அண்ணா" என்றான். வண்டி 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கியர் ஆயில் ஒருமுறைகூட மாற்றியதில்லை. வாங்கும்போது யாரோ, இதற்கு ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் இந்த இடத்தில் இரண்டு கட்சி உண்டு. வழுக்க ஆரம்பித்த பழைய பெட்டியில் ஆயிலைத் தொடாதே என்பார்கள் ஒரு சாரார். கிளட்ச் தகட்டிலிருந்து தேய்ந்த தூள் ஆயிலில் மிதப்பதால்தான் மிச்சம் இருக்கும் பிடிப்பே. புது ஆயில் அதைக் கழுவி எடுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். கருகிய ஆயில் சூட்டையும் தாங்காது, அழுத்தத்தையும் ஒழுங்காகத் தராது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது மற்றவர்கள் வாதம். நான் இரண்டாவது கட்சி. பெட்டி கெடத் தொடங்கிய பிறகுதான் பலரும் ஆயில் மாற்ற வருகிறார்கள், பழி ஆயில்மேல் விழுகிறது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செய்ததையும் ஒழுங்காகச் செய்தேன். ஒருமுறை வடித்தால் பாதி ஆயில்கூட வராது, மீதி கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். அதனால் வடித்து, அந்த வண்டிக்கு உரிய ரக ஆயிலை ஊற்றி, ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினேன். மெஷின் வைத்து அழுத்திக் கழுவவில்லை.

செய்யாதது இரண்டு. பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைப் பார்க்கவில்லை. மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தால் பயமில்லை. இரும்புச் செதிலும் சேம்பர் அடியில் கரி மாதிரித் தூளும் கிடந்தால் பெட்டியின் கதை முடிந்தது. ஆயில் அழுத்தத்தையும் அளக்கவில்லை. அதற்கான மீட்டர் ஐந்து ரோடு பக்கம் நண்பரிடம் இருந்தது, வாங்கிவர ஒரு நாள் ஆகியிருக்கும். ஐயாவுக்கு வண்டி அவசரம் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை. பட்டறைக் குழிக்கு இன்னொரு வண்டி காத்திருந்தது. அவசரம் என்னுடையது.

பதினோரு நாள் வண்டி அருமையாக ஓடியது. "புது வண்டி மாதிரி ஏறுகிறது தம்பி" என்று போன் செய்து சொன்னார். அந்தப் போன் வராமல் இருந்திருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் இருட்டும் நேரத்தில், பனி இறங்கிக்கொண்டிருக்க, பதினான்காவது வளைவில் அம்மாவோடு நின்றுவிட்டார். டி, 2, ரிவர்ஸ் எதுவும் பிடிக்கவில்லை. பார்க்கிங்குக்கான 'பி' மட்டும் பிடித்தது. அது ஆயில் அழுத்தத்தை நம்பாத வெறும் இரும்புக் கொக்கி. நான் போய்ச் சேர்ந்தபோது பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அம்மாவின் தோளில் தன் சால்வையைப் போர்த்தி நின்றிருந்தார். முன் சக்கரங்களைத் தூக்கி வைத்து இழுத்து வந்தோம்.

பெட்டியைப் பிரித்தபோது கிளட்ச் தகடுகளில் பூச்சே இல்லை, வெறும் தகரம். இந்தத் தேய்மானம் பதினோரு நாளில் வராது. பையனுக்கும் காட்டினேன், நண்பருக்கும் காட்டினேன். நண்பர் தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய ஆயிலிலேயே விட்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்குமோ என்னவோ" என்றார். ஓடியிருக்காது என்றேன். ஒரே வண்டியை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்க வழியில்லை.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதும் இப்போது தெரியும். "ஐயா, உள்ளே தேய்ந்திருந்தால் ஆயில் காப்பாற்றாது. மாற்றினாலும் நிற்கலாம், மாற்றாவிட்டாலும் நிற்கலாம். கொஞ்ச நாள் பகலில் மட்டும் மலை ஏறுங்கள்." இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லியிருந்தால் அவர், "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருப்பார். மாற்றுவேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போதும் பெட்டி அதே பன்னிரண்டாம் நாள் போயிருக்கும். அம்மா மட்டும் அந்தக் குளிரில் நின்றிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு வருகிற எல்லோரிடமும் இதையெல்லாம் விளக்கமாகச் சொல்கிறேன். சென்ற மாதம் ஒருவர் கேட்டுப் பயந்து, ஆயிலைத் தொடவே வேண்டாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதே டிகாஷன் நிறம், அதே வாடை. அந்த வண்டி இன்றும் ஏற்காடு சாலையிலுள்ள கோரிமேடு வழியாகத் தினமும் போகிறது. பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

ஐயாவின் கார் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. பெட்டியைப் புதுப்பிக்கும் செலவு கார் விலையைத் தாண்டும். விற்கவும் அவருக்கு மனமில்லை. போன வாரம் பஸ்ஸில் வந்து இறங்கி, இடது காலை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கூலி வேண்டாம் என்று நான் முன்பு திருப்பிக் கொடுத்த பணத்தை மேஜைமேல் வைத்தார். தார்ப்பாயைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஆயில் மாற்றியதால்தானா தம்பி?"

"இல்லை ஐயா" என்றேன். அன்றைக்குச் சொன்ன அதே வேகத்தில்.