அடைக்கோழி சொல்லித்தரும் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ரப்பர் அழிந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) சூழ்ந்துவிட்ட நிலத்தை ஒட்டி எங்கள் சிறு பண்ணை இருக்கிறது. பிள்ளைகள் இருவருக்கும் இப்போதைக்கு அங்கேதான் பாடம். கோழி அடைகாக்கும் 21 நாட்களையும் மகள் நாட்காட்டியில் ஒவ்வொன்றாக அடித்து எண்ணுகிறாள்; ஏழாம் நாள் இரவு, முட்டையை டார்ச் விளக்கின்மேல் வைத்து, சிலந்தி வலைபோல் பரவிய செந்நிற நரம்புகளைக் காட்டியபோது, "அம்மா, உள்ள உயிர் இருக்கு!" என்று மகன் கத்திவிட்டான். எழுத்தும் எண்ணும் இந்த வியப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சரிடம் விலக்குப் பெற வேண்டும். நாங்கள் அதைக் கேட்கப்போவதில்லை. மாணவர் குறைந்துவரும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒவ்வொரு பிள்ளையும் தேவை என்பதால், மகளை முதலாம் ஆண்டில் அப்படியொரு பள்ளியிலேயே சேர்க்கவிருக்கிறோம். பண்ணைப் பாடம் மாலையில் தொடரும்.