லாயருக்குப் படிக்க ஆறாம் படிவமா?

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வந்த வாரமே அப்பாவும் நானும் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போனோம். ஒரு தனியார் கல்லூரியில் திறந்த நாள். "எங்க ஃபவுண்டேஷன்ல, அதாவது பட்டத்துக்கு முந்தின படிப்புல சேர்ந்துடுங்க. அப்புறம் ரெண்டு வருஷம் இங்க, கடைசி வருஷம் இங்கிலாந்து. எல்லா அங்கீகாரமும் இருக்கு" என்றார் ஆலோசகர். அப்பா லோரி ஓட்டுகிறவர். கட்டணத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது வாயே திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா அப்போது ஜார்ஜ்டவுனில் சேம்பரிங், அதாவது வழக்கறிஞராவதற்கு முந்தைய பயிற்சி, செய்துகொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "பட்டம் குடுக்கிற யூனிவர்சிட்டி பேரு போர்டு லிஸ்ட்ல இருக்கா?"

எந்த போர்டு என்றே எனக்குத் தெரியாது. சட்டத்தொழில் தகுதி வாரியம். அந்தப் பட்டியலை மூன்று முறை மேலும் கீழும் தேடினோம். அந்தப் பெயர் இல்லை. ஆலோசகர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அவர் சொன்னது எம்க்யூஏ, அதாவது மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம். பட்டம் செல்லும், அதை வைத்துக்கொண்டு இங்கே வழக்கறிஞராக முடியாது. இரண்டும் வேறு வேறு என்பதை அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அக்கா ஒரு பழைய உறையின் பின்புறத்தில் வழியை எழுதிக் காட்டினார். பட்டியலில் உள்ள இங்கிலாந்துப் பட்டம் வாங்கினாலும் அதற்குமேல் சிஎல்பி என்ற தொழில்தகுதித் தேர்வை எழுத வேண்டும். ஐந்து தாள்கள். இல்லாவிட்டால் இங்கிலாந்திலேயே பாரிஸ்டர் ஆகிவிட்டு வர வேண்டும், அதற்குத் தனிச் செலவு. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்மிலோ படித்தால் சிஎல்பி கிடையாது, நேரே ஒன்பது மாதம் சேம்பரிங். அங்கே நுழைய, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பம். அதற்கு எங்கள் கைக்கு எட்டிய வழி எஸ்டிபிஎம், அதாவது ஆறாம் படிவத் தேர்வு.

ஆக, ஆறாம் படிவம். தோழிகள் கழுத்தில் கல்லூரி அட்டையோடு படம் போட்டார்கள். பத்தொன்பது வயதில் நான் பள்ளிச் சீருடையில் சபை கூடலில் நின்றேன். கூச்சமாகத்தான் இருந்தது. பொதுப்பாடம், மலாய், வரலாறு, தமிழ் என நான்கு பாடங்கள், ஒன்றரை ஆண்டில் மூன்று பருவங்கள். முதல் பருவத்தில் பொதுப்பாடம் காலை வாரிவிட்டது. நல்லவேளை, மறுபடி எழுத இடம் உண்டு, எழுதினேன். யூபியூ மதிப்பெண்ணில் பத்து விழுக்காடு புறப்பாடத்துக்கு என்று தெரிந்த பிறகுதான் விவாதக் கழகத்தில் ஒழுங்காகச் சேர்ந்தேன். அதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும். மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வைக் கடைசிவரை தள்ளிப்போட்டதும் என் முட்டாள்தனம்.

பிரிட்டிஷ் முறைத் தேர்வான ஏ-லெவல் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. வெளிநாடு போக வசதி இருந்தால் அது நல்ல வழி. எங்கள் வீட்டுக் கணக்குக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

முதல் தேர்வு மலாயா கிடைக்கவில்லை. இரண்டாவதாகப் போட்ட யூகேஎம் கிடைத்தது. பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனில், யூகேஎம் இருக்கும் பாங்கி ஊருக்குப் போனேன். அந்தக் கட்டணத் தாள் அப்பாவின் லோரியில் இன்னும் கிடக்கிறது, பின்பக்கம் முழுக்கக் கண்டெய்னர் எண்கள்.

இப்போது தம்பி எஸ்பிஎம் முடித்திருக்கிறான். அவனுக்கு இன்ஜினியரிங். அதே அக்காவிடம் போய் நின்றால், "அதுக்கு வேற போர்டுடா, அவங்க லிஸ்ட்டைப் போய்ப் பாரு" என்கிறார்.