மேற்கோளுக்குப் பதில் கேள்விக்குறியா?

கட்டுரைகளை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் (LaTeX), எந்த நூலைச் சான்று காட்டுகிறோம் என்ற மேற்கோள் எண் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி நின்றால், பலரும் முதலில் நூல் விவரங்களை வைத்திருக்கும் பிப் (.bib) கோப்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பாவம், பல நேரம் அதன்மேல் குற்றமே இருக்காது. லேடெக் முதல் ஓட்டத்தில் எந்தெந்த சைட்டேஷன் கீ (ஒவ்வொரு நூலுக்கும் நாம் வைக்கும் அடையாளப் பெயர்) வேண்டும் என்று ஆக்ஸ் (.aux) என்ற துணைக் கோப்பில் எழுதி வைப்பதோடு சரி. அதைப் படித்து, நூற்பட்டியலை பிபிஎல் (.bbl) கோப்பாகத் தயாரிப்பது பிப்டெக் (BibTeX) என்ற தனி நிரல். அப்புறம் லேடெக்கை இன்னும் இரண்டு முறை ஓட்டவேண்டும்: ஒன்று பட்டியலை உள்ளே இழுக்க, மற்றது எண்களைப் பொருத்த.

மேற்கோள்களுக்கான பிப்லேடெக் (biblatex) என்ற லேடெக் தொகுப்பைப் பயன்படுத்தினால் கதை வேறு. அங்கே கேள்விக்குறி இல்லை, கீயே தடித்த எழுத்தில் வந்து நிற்கும். பிப்லேடெக் இயல்பாக எதிர்பார்ப்பது பிப்டெக்கை அல்ல, அதே வேலையைச் செய்யும் பைபர் (Biber) என்ற நிரலை. எடிட்டரோ பழைய பழக்கத்தில் பிப்டெக்கையே ஓட்டிக்கொண்டிருக்கும். எடிட்டர் செட்டிங்கில் பைபருக்கு மாற்றிவிடுங்கள்.

அப்படியும் போகவில்லையா? பிப்டெக்கோ பைபரோ ஓடும்போது எழுதி வைக்கும் பிஎல்ஜி (.blg) என்ற பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். யாரும் எட்டிப் பார்க்காத கோப்பு அது. ஆனால் எந்த கீ கிடைக்கவில்லை, எந்த வரிப்பக்கம் காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கீயில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருந்தாலும் தகராறுதான். பழைய ஆக்ஸ், பிபிஎல் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவதும் கைகொடுக்கும், குறிப்பாக பிப்டெக்கிலிருந்து பைபருக்கு மாறியவர்களுக்கு.